ஐம்பத்து மூன்று ராடு

சித்திரை பிறந்ததும் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்:
இனி ஆழம் மீட்டரில், நேரம் இருபத்து நாலில்.
போனில் ஒரு செயலி. அடி என்று போட்டால் கட்டம் சிவந்துவிடும்.
சாயங்காலம் என்றால் அதற்குப் புரியாது.
திருச்செங்கோட்டுக்காரர்கள் நாங்கள்,
பாதி இந்தியாவை அடிக்கணக்கில் துளைத்தவர்கள்.
டிரில்லர் குழந்தைவேலு அண்ணன்
தலைத்துண்டை உதறிக்கொண்டு கேட்டார்:
"பாறைக்குச் சொல்லியாச்சா?"

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கொறங்காட்டை ஒட்டி
வண்டி நின்றது 17:30.
அஞ்சரை, என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.
எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டி,
முதல் ராடு இறங்கியது.
ராடு ஒன்று இருபதடி.
செயலிக்கு அது ஆறு புள்ளி ஒன்று.

பன்னிரண்டாவதில் வெள்ளைப் பொடி.
இருபதில் கருப்பு.
முப்பதில் மறுபடி வெள்ளை, மைதா மாவு மாதிரி.
தோட்டத்துக்காரர் நல்லமுத்துவுக்கு
மீசை எது, புருவம் எது என்று தெரியவில்லை.

23:40. ஐம்பதாவது ராடு. 305 என்று பதிந்தேன்.
பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் அதே எண் போகிறது.
உடனே கூப்பிட்டான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.
"முந்நூத்தி அஞ்சுதானப்பா ஆயிருக்கு?
பக்கத்துத் தோட்டத்துல தொள்ளாயிரத்துல வந்துச்சு.
எதுக்குப் பதர்றீங்க,
இன்னொரு ஐநூறு போகச் சொல்லுங்க."

இன்னொரு ஐநூறு.
அவர் உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டார். பொடி.
ஆயிரத்துக்கு மேல் போனால் அடிக்கு என்ன ரேட் என்று
முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தவர்.
ஆமாம், ரேட் இன்னும் அடிக்குத்தான்.
அதை மட்டும் கம்பெனி மீட்டருக்கு மாற்றவில்லை.

"அது மீட்டருங்க" என்றேன்.
கம்ப்ரஸர் விழுங்கிவிட்டது.

வேலாத்தாள் புருஷன் கையிலிருந்து போனை வாங்கினார்.
மோட்டார் ரூம் சுவர் பக்கம் திரும்பி நின்றார்,
மகனுக்கும் தெரியட்டும் என்பது போல.
அடுப்புக்கரிக் கோடுகள்.
ராடு இறங்க இறங்க ஒன்றொன்றாய் இழுத்தவை.
"அம்பது குழாயி எறங்கியிருக்குது கண்ணு.
ஒவ்வொண்ணும் நம்ம கட்டுத்தாரை நீளம்.
அம்பது கட்டுத்தாரை, நேராக் கீழ.
நீயே பெருக்கிப் பாரு."
மறுமுனையில் சத்தமில்லை.
பெருக்கிக்கொண்டிருந்தான் போல.

"இன்னும் மூணு குழாயி" என்றார் எங்களைப் பார்த்து.
"அதுக்கு மேல வேண்டாமுங்க."

ஐம்பத்து மூன்றாவது பாதி போயிருக்கும்.
பொடி நின்று சேறு வந்தது,
சேற்றுக்குப் பின்னால் காற்றும் தண்ணீரும், வெதுவெதுப்பாக.
அண்ணன் அங்கேயே நிறுத்தினார். 00:25.
செயலி தேதியை மாற்றிவிட்டிருந்தது:
ஞாயிற்றுக்கிழமை இறங்கி
திங்கட்கிழமை கிடைத்த தண்ணீர்.
"அமாவாசையிலயே வந்துருச்சு பாரு" என்றார் நல்லமுத்து.
கோழி கூவும்வரை அவருக்கு ஞாயிறுதான்.
நான் திருத்தவில்லை.

அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"முக்கால் இஞ்சு. ஒண்ணுன்னு சொல்ல வாய் வரல."
செயலி கேட்டது: மணிக்கு எத்தனை லிட்டர்?
காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது.
ஏதோ ஒன்றைப் போட்டேன்.
வேலாத்தாள் ஒரு கை அள்ளி வாயில் விட்டு, துப்பாமல் கேட்டார்:
"நூத்திப்பத்து தென்னைக்குப் பத்துமுங்களா?"
அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"சொட்டு நீர் போட்டீங்கன்னா..." என்றார் அப்புறம்.

பில் எழுதினேன். ஆயிரத்து அறுபது அடி.
ராடு பாதி இறங்கினாலும் முழு ராடு,
அது எங்கள் வழக்கம்.
நல்லமுத்து எச்சில் தொட்டு எண்ணினார்,
மீதி வெள்ளிக்கிழமை என்றார்.

01:15. லாரி திரும்பியபோது
ஹெட்லைட் சுவர்மேல் விழுந்தது.
விட்டுப்போன மூன்று கோடுகளை
வேலாத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்.
இரண்டு முழுசாக.
மூன்றாவதைப் பாதி உயரத்தில் நிறுத்தி
வெளிச்சம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.